கடலுக்கு வைத்த முதல் பத்திரிகை

முத்தரசமேட்டுக் கடல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து போனது. ஏதோ அலை கொஞ்சம் உள்வாங்கியது, திரும்ப வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விடியும்போதே நகரத் தொடங்கி, அவசரமே இல்லாமல், பாயைச் சுருட்டுகிற மாதிரி தன் தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு, பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு ஒன்றரை மைல் தள்ளிப் போய் நின்றுகொண்டது. கட்டிப்போட்டிருந்த ஃபைபர் படகுகள் ஒருக்களித்துச் சேற்றில் கிடந்தன, எந்தக் காலத்திலோ தொலைந்துபோன நங்கூரங்களெல்லாம் துரு ஏறி நீட்டிக்கொண்டிருந்தன, பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் மத்தியும் காரப்பொடியும் இறாலும் துள்ளிக்கொண்டிருந்தன. துள்ளுகிற மீனை எடுக்க ஒருத்தரும் இறங்கவில்லை. இறங்குவார்களா? இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே கடல் இதே மாதிரி உள்ளே போய், மீனைக் காட்டி ஆசை காட்டி, இறங்கினவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போன ஊர் அது. கடல் உள்ளே போனால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊர்ப் பூனைக்குக்கூடத் தெரியும். அடுப்பில் வெந்ததை அப்படியே போட்டுவிட்டு, வயசானவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊரே ஓடிப்போய்ப் புயல் பாதுகாப்பு மையத்தின் மொட்டை மாடியில் ஏறி நின்றது.

நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கடல் பாய்ந்து வரவில்லை. சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் போன மாதிரியே நிதானமாக வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. ஊர் இறங்கி வந்து கருகின குழம்பைக் கீழே கொட்டிவிட்டு வேறு உலை வைத்தது. மறுநாளும் கடல் போனது. அதற்கு மறுநாளும் போனது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கைக்கடிகாரம் கட்டின ஆள் மாதிரி.

இதெல்லாம் யாரால் என்று ஊருக்குத் தெரியும் முன்பே சிங்காரவல்லிக்குத் தெரிந்துவிட்டது. சிங்காரவல்லிக்கு அறுபது வயசு, காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், ஊரிலேயே அதிகம் சந்தேகப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவள். எலுமிச்சம்பழக்காரன் எண்ணிப் போட்டதை மறுபடி எண்ணுவாள், மருந்துக் கடைக்காரன் கொடுத்த மாத்திரையை அட்டையோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், கோயில் பூசாரி திருநீறு கொடுத்தால்கூட ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் பூசுவாள். மூன்றாம் நாள் காலை நாள்காட்டியில் தேதி கிழிக்கப் போனவள், அதன் பக்கத்தில் செல்லோடேப்பால் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். மகன் இளம்பரிதி அனுப்பியிருந்த தாள். செவ்வாய் பதினொன்று பத்து. புதன் பதினொன்று ஐம்பது. வியாழன் பன்னிரண்டு முப்பது. முதல் இரண்டும் கடல் போய் நின்ற அதே நேரம்.

அந்தத் தாளுக்கு ஒரு கதை உண்டு. இளம்பரிதி படகு எஞ்சின் மெக்கானிக். பிரெஞ்சு படித்து, விசா வாங்கி, பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில் பிரிட்டனி என்ற கடற்கரைச் சீமையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறான். அங்கேயே நொல்வென் என்ற பெண்ணைப் பிடித்துப்போய், கல்யாணம் பேசி முடித்து, அப்பா அம்மாவுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான். கல்யாணம் ஒரு சின்னத் தீவில் இருக்கிற, கல்லால் கட்டின பழைய மாதா கோயிலில். அந்தத் தீவுக்குப் படகு கிடையாது, பாலம் கிடையாது. கடல் உள்ளே போகிற நேரம் பார்த்து, பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் குழல் ஊதிக்கொண்டு, கடலடி மண்ணில் நடந்தே போவார்களாம், தாலியோ மோதிரமோ எதுவானாலும் முடித்துவிட்டு, கடல் திரும்புவதற்குள் நடந்தே வருவார்களாம். அதனால் அங்கே முகூர்த்தம் பார்ப்பது பஞ்சாங்கத்தில் இல்லை. கடல் எப்போது போகும், எப்போது வரும் என்று வருஷம் முழுதுக்கும் அச்சடித்த நேரத்தாள் வீட்டுக்கு வீடு தொங்குமாம். அதிலிருந்து கல்யாணத் தேதி வரைக்குமான பக்கங்களைத்தான் இளம்பரிதி அனுப்பியிருந்தான். சனிக்கிழமை, பதினொன்று பன்னிரண்டு. ராகுகாலம் பத்தரைக்கு முடிந்துவிடுகிறது என்று நாகூரான் சந்தோஷப்பட்டார்.

நாகூரான் சிங்காரவல்லியின் புருஷன். நாகூர் தர்காவுக்கு நேர்ந்து பிறந்தவர், அதனால் அந்தப் பெயர். எதையும் நம்பிவிடுகிற மனுசர்.

"திங்கக்கெழம கடல்ல நின்னு என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள் சிங்காரவல்லி.

"பத்திரிகை படிச்சேன். மொதப் பத்திரிகை கடலுக்குத்தான வைக்கணும்? நம்ம வழக்கந்தான?"

அது உண்மைதான். அந்த ஊரில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவின முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடலுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துவிட்டு அலையில் விடுவார்கள்.

"பத்திரிகை மட்டுந்தானா?"

நாகூரான் காதைச் சொறிந்தார். "முகூர்த்த நேரம் அந்தத் தாள்லதான புள்ள இருந்துச்சு. அதுக்கும் மஞ்சத் தடவிப் படிச்சேன்."

"முகூர்த்த நேரம் ஒரு வரி. மிச்சம்?"

"கடலம்மா முன்னாடி எடுத்தத பாதியில நிறுத்துவாங்களா? முழுசும் படிச்சேன். எழுபத்தஞ்சு நாளும்."

சிங்காரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். தேதியும் மணியும் சொல்லி, மஞ்சள் தடவி, மரியாதையாகக் கூப்பிட்டால் கடல் என்ன செய்யும்? சொன்னபடி கேட்கிறது. அதுவும் பிரான்ஸ் மணிக்கு இல்லை, படித்தவர் காரைக்கால்காரர் என்பதால் காரைக்கால் மணிக்கே கேட்கிறது.

அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கூடத்தில் நடுவாக ஒரு பெரிய சூட்கேஸ் வாயைப் பிளந்தபடி இரண்டு வாரமாகக் கிடந்தது. நாகூரான் தினம் ஒன்று வாங்கிவந்து அதில் போட்டுக்கொண்டிருந்தார். குளிருக்குக் குரங்குக் குல்லா, கம்பளிச் சட்டை, மாவடு ஊறுகாய், பூந்தி லட்டு, வெள்ளிக் குங்குமச்சிமிழ், விமானத்தில் காது அடைத்தால் வைத்துக்கொள்ளப் பஞ்சு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு நெற்றியில் பொட்டோடு உட்காரலாமா கூடாதா என்று போட்டோக்காரனோடு அரை நாள் சண்டை போட்டார். சிங்காரவல்லி ஒரு கைக்குட்டையைக்கூட அந்தப் பெட்டியில் வைக்கவில்லை. கேட்டால், "போற ஊரு என்ன ஊருன்னு மொதல்ல தெரியட்டும்" என்பாள்.

தெரிந்தவரைக்கும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இளம்பரிதி போட்டோ அனுப்பியிருந்தான். வயல்வெளியில் ஆளுயரக் கற்கள் வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில் நட்டுவைத்திருந்தது. கெல்ட்டியர்கள் என்று பழங்காலத்துச் சனமாம், நொல்வென் வீட்டார் அவர்கள் வழியாம், பிரெஞ்சுக்கு முன்னால் அவர்களுக்கென்று தனிப்பாஷையே இருந்ததாம், வீட்டில் இன்னும் அதுதான் பேசுகிறார்களாம், ஆனால் அந்தக் கற்களை நட்டது அவர்களுக்கும் முந்தின ஆட்களாம், யாரென்று யாருக்கும் தெரியாதாம். "யாரு நட்டான்னே தெரியாத கல்லப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறாங்க?" என்று கேட்டாள். கல்யாண ஊர்வலத்தில் ஊதுகிற குழலின் சத்தத்தையும் அனுப்பினான். அசல் நம்ம ஊர் நாயனம் மாதிரியே இருந்தது, நாகூரான் தொடையில் தாளம் போட்டார். "நம்மள மயக்கத்தான் நம்ம ஊர்ச் சத்தத்த ஊதுறாங்க" என்றாள் அவள். எல்லாவற்றையும்விட ஒன்று உறுத்தியது. எத்தனை தடவை வீடியோவில் பேசினாலும் நொல்வென்னும் அவள் அம்மாவும்தான் வந்து உட்கார்ந்தார்கள். அப்பனைக் காணோம். "அவங்கப்பா எங்கடா?" என்றால் இளம்பரிதி, "வேலம்மா, அப்புறம் பேசுறேன்" என்று நழுவினான். ஏதோ மறைக்கிறார்கள்.

இத்தனையும் சொல்லிக்கொள்ளக்கூடிய சந்தேகங்கள். சொல்லாத ஒன்று அடியில் கிடந்தது, அது ஊருக்கே தெரியும். கடல் உள்ளே போன அந்த ஞாயிற்றுக்கிழமை, சிங்காரவல்லி சின்னப் பையனாயிருந்த இளம்பரிதியோடு மார்க்கெட்டில் இருந்தாள். மூத்த மகள் பவளக்கொடி, பதினாலு வயசு, அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு துள்ளுகிற மீனைப் பொறுக்கப் போனாள். கூடை கிடைத்தது, பவளக்கொடி கிடைக்கவில்லை. மற்ற வீடுகளில் உடல் வராதவர்களுக்கும் கருமாதி செய்தார்கள். சிங்காரவல்லி செய்யவிடவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல் கிடப்பாள், யாரோ கூட்டிப்போய் வளர்த்திருப்பார்கள், கடல் எதையோ மறைக்கிறது என்றாள். இருபது வருஷமாக அவள் கடலைப் பார்க்கவில்லை. சுனாமிக் குடியிருப்பில் கடலுக்கு முதுகு காட்டின வீடாகக் கேட்டு வாங்கினாள், மீனை லாரியில் வந்து இறங்கினபிறகுதான் தொட்டாள். இப்போது பெற்ற பிள்ளை கல்யாணத்துக்கு, கடல் எழுந்து போன மண்ணில் இறங்கி நடக்க வேண்டும் என்கிறார்கள்.

இது இப்படியிருக்க, ஊர் மெல்லப் பழகிக்கொண்டது. முதல் வாரம் ஓடினார்கள். இரண்டாம் வாரம் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் வாரம் ஓடவில்லை, நடந்தார்கள்; பாதுகாப்பு மையத்துப் படிக்கட்டில் ஒருத்தன் டீக்கடை போட்டான், மாடியில் ரேஷன் கடை நடந்தது, பள்ளிக்கூடப் பரீட்சையே ஒருநாள் அங்கேதான் நடந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து கம்பு நட்டு அளந்தார்கள். அவர்கள் அளந்துகொண்டிருக்கும்போதே கடல் திரும்பி வந்து கம்பை எடுத்துக்கொண்டு போனது. பருவ மாற்றம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மீனை மட்டும் யாரும் தொடவில்லை. பதினெட்டு நாள், கண்ணெதிரே துள்ளித் துள்ளிக் கிடந்த மீனையெல்லாம் நாரையும் காக்கையும் தின்றன. பத்தொன்பதாம் நாள் அடுத்த வீட்டுத் தனபாக்கியம், புருஷன் படுக்கையில் கிடக்கிறவள், அழுதுகொண்டே இறங்கி ஒரு கை மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டு அழுதுகொண்டே ஏறினாள். அன்றைக்கு அவள் வீட்டுக் குழம்பு வாசனை தெருவெல்லாம் அடித்தது. மறுநாள் பத்துப் பேர் இறங்கினார்கள்.

நேரத்தாள் விஷயம் அதற்குள் வெளியே வந்து பஞ்சாயத்து கூடியது. நாட்டார் காத்தமுத்து, ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பெரியவர், தாளைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நாகூரான், நீ என்னத்தையா கடலுக்குப் படிச்ச? ஊர்ல கேக்காம, பரதேசத்துக் கடலோட நேரத்த நம்ம கடலுக்குச் சொல்லலாமா? படகு எறக்க முடியல, வலை கட்ட முடியல. கல்யாணத்த நிறுத்து."

"அண்ணே, புள்ள கல்யாணம்" என்று நாகூரான் கையைப் பிசைந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே" என்று பெண்கள் பக்கமிருந்து சிங்காரவல்லியே சொன்னாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "எனக்கும் அந்தக் கடல் மேல நம்பிக்க இல்ல, இந்தக் கடல் மேலயும் நம்பிக்க இல்ல. இது நடிக்குது. நேரம் தவறாம வர்றவன் போறவன்தான் வீட்ட நோட்டம் பாக்குறவன். நம்மள எல்லாம் எறங்கப் பழக்கிட்டு ஒருநாள் வாரிக்கிட்டுப் போவும், பாத்துக்கங்க."

அந்தப் பேச்சில் கூட்டத்துக்கே குளிரெடுத்தது. ஆனால் ஒரு மாசம் கழித்துக் கூடின பஞ்சாயத்தில் பேச்சு வேறாக இருந்தது. அதற்குள் ஊருக்குத் தாள் மனப்பாடம். நேரத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கும் அர்த்தம் பிடிபட்டுவிட்டது; எண் நாற்பதென்றால் கடல் கொஞ்ச தூரம், நூறைத் தாண்டினால் ஒன்றரை மைல். டீக்கடையில் ஆளை ஆள் பார்த்தால், "இன்னைக்கு என்ன நம்பர்?" என்றுதான் கேட்டார்கள். படகுக்காரர்கள் கடல் இருக்கிற நேரம் பார்த்து இறக்கி, இருக்கிற நேரம் பார்த்து ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் மட்டியும் நண்டும் கூடை கூடையாக அள்ளினார்கள். பையன்கள் கடலடியில் கோல் கம்பம் நட்டு ஃபுட்பால் ஆடினார்கள், கடல் வந்து பந்தை நிறுத்தினால் அதுதான் ஆட்டம் முடிவு. நாட்டார் காத்தமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாகூரான், தாளு கல்யாணத் தேதியோட முடியுது. அடுத்த வருஷத்துத் தாளு உன் மவன்கிட்ட கெடைக்குமா?" என்று கேட்டார்.

ஊரில் இறங்காதவள் ஒருத்திதான் மிச்சம். ஊர் அவளைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது. பெற்ற தாயே கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்கிறாளே, இவள் போகாவிட்டால் கடல் கோபித்துக்கொள்ளுமோ என்று பேசிக்கொண்டார்கள். அவள் மார்க்கெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் சேலைத் தலைப்பை இழுத்து கடல் பக்கத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாகூரான் தயங்கித் தயங்கி அதைக் கேட்டார்.

"வல்லி, வீட்ல கல்யாணம்னா கன்னிக்குப் படைக்காம கெளம்பக் கூடாது புள்ள."

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக் கன்னி தெய்வம். வீட்டில் நல்லது நடக்கும் முன்னால் புதுத்துணி, வளையல், ரிப்பன், கண்மை, பொங்கல் எல்லாம் வைத்து அவளிடம் சொல்லிக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். நாகூரான் சொல்லி முடித்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சிங்காரவல்லி பையை எடுத்துக்கொண்டு காரைக்கால் ஜவுளிக்கடைக்குப் போனாள். திரும்பி வந்து பையைப் பிரித்தாள். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப் புடவை.

"கன்னிக்குப் பொடவ எடுப்பாங்களா? பாவாட சட்டைதான வைப்பாங்க?"

"எம்பொண்ணுக்கு முப்பத்து நாலு வயசு" என்றாள் சிங்காரவல்லி. "இன்னமுமா பாவாட கட்டுவா?"

நாகூரான் வாசலில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுவதை அவள் கேட்டாள். போய்த் தேற்றவில்லை. தேற்றினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

மறுநாள் மத்தியானம் இளம்பரிதி வீடியோவில் வந்தான். பக்கத்தில் நொல்வென். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக, சிரிக்காத பெண். சிங்காரவல்லி போனைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னைக்குத் தெரியணும். இவ அப்பன் எங்க? ஓடிட்டானா? ஜெயில்ல இருக்கானா? சொல்லலன்னா நான் வர்றதா இல்ல."

இளம்பரிதி கீழே பார்த்தான். "யம்மா, அவரு மீன் பிடிக்கப் போனாரு. போட்டு மட்டும் வந்துச்சு."

"எப்ப?"

"இவளுக்கு ஒம்பது வயசுல."

"ஆளு?"

"கெடைக்கலம்மா."

சிங்காரவல்லி போனைக் கிட்டே இழுத்தாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? கடல்ல போனவங்க பேச்செடுத்தாலே நீ எந்திரிச்சுப் போயிடுவ. அக்கா பேர நான் சொல்லி இருவது வருஷம் ஆவுது."

நொல்வென் ஏதோ சொன்னாள், அவன் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கினான். அவள் அம்மா இரண்டு வருஷம் சாப்பாட்டு மேசையில் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாளாம். கதவைத் தாழ் போடவில்லையாம். அம்மா பிறந்தது ஒரு தீவில். அங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டாம். கடல் ஆளைத் திருப்பித் தராவிட்டால், மெழுகில் சின்னதாக ஒரு சிலுவை செய்து, அதையே உடம்பாக வீட்டில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து அழுது, கோயிலுக்கு எடுத்துப் போவார்களாம். அம்மா அதைச் செய்தாளாம். அன்றைக்குத்தான் கதவைத் தாழ் போட்டார்களாம்.

"அதுக்கப்பறம் இவங்கம்மா கடலப் பாத்தாளா?" என்று கேட்டாள் சிங்காரவல்லி.

இளம்பரிதி கேட்டுச் சொல்வதற்குள் நொல்வென் புரிந்துகொண்டு, கற்றுவைத்திருந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினாள். "தினம் போறாங்க, அத்தை. மட்டி எடுக்க. கடலை நாங்க நம்புறது இல்ல. தாளைத்தான் நம்புறோம்."

சிங்காரவல்லி அந்தப் பெண்ணை முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள். கடலை நம்பாதவர்கள். நம்பாமலே அதன் பக்கத்தில் வீடு கட்டி, நம்பாமலே இறங்கி, நேரம் பார்த்து ஏறி, கல்யாணமும் பண்ணிக்கொள்கிறவர்கள். "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனைப் புருஷனிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளித்து, பொங்கல் வைத்தாள். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மாம்பச்சை நிறப் பாவாடை, சட்டை. பவளக்கொடிக்கென்று, அந்த வருஷப் பொங்கல் பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்தது. பொங்கலுக்கு மூன்று வாரம் முன்னால் கடல் வந்துவிட்டது. மாசியில் டெய்லர் தேடி வந்து கூலி வாங்காமல் கொடுத்துவிட்டுப் போனார். வளர்கிற பிள்ளை என்று அடியில் இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் அவள் பிளேடை எடுத்துக்கொண்டு அந்த மடிப்பைப் பிரிக்கலாமா என்று உட்கார்ந்திருக்கிறாள், இந்நேரம் இவ்வளவு உயரம் இருப்பாள் என்று சுவரில் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குப் பிரிக்கவில்லை. மடிப்பை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு அப்படியே மடித்தாள்.

அரக்குப் புடவையை எடுத்துக் கூடத்துச் சூட்கேஸில் வைத்தாள். நாகூரான் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மருமவளுக்கு" என்றாள். "இன்னைக்கு என்ன நம்பர்?"

"நூத்தி எட்டு. பத்து அம்பத்தெட்டுக்குத் திரும்பும்." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வல்லி, இப்ப கெளம்புனா ராகுகாலத்துலதான் போய்ச் சேருவோம்."

"எம்பொண்ணு போனப்ப யாரு நேரம் பாத்தா?" என்றாள் அவள்.

கரையில் மட்டி பொறுக்கின பெண்களெல்லாம் நிமிர்ந்தார்கள். முறத்தில் பொங்கலும் வளையலும் ரிப்பனும் கண்மையும் பாவாடை சட்டையும் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, தலைப்பை விலக்கி இரண்டு கண்ணும் திறந்து, சிங்காரவல்லி கடலுக்குள் இறங்கி நடந்தாள். ஃபுட்பால் ஆடினவர்கள் பந்தைக் காலால் அமுக்கி நிறுத்தி வழிவிட்டார்கள். நாகூரான் பத்தடி பின்னால் நடந்தார். ஒன்றரை மைல். அவள் நடந்துகொண்டே ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு நங்கூரத்துக்குப் பின்னாலும் பார்த்தாள், பாறை இடுக்கில் கையை விட்டுப் பார்த்தாள். இருபது வருஷமாகக் கடல் எதையோ ஒளித்துவைத்திருக்கிறது என்று நினைத்திருந்தாளே, அந்த இடம் முழுக்க இப்போது வெட்டவெளியாகக் கிடந்தது. சேறு, சிப்பி, கிழிந்த வலை, ஒரு ஒற்றைச் செருப்பு, அதுவும் ஆம்பளைச் செருப்பு. ஒன்றும் இல்லை. கடலிடம் ஒளிக்க ஒன்றுமே இல்லை.

தண்ணீர் நின்ற இடத்துக்கு இருபதடி முன்னால் அவள் உட்கார்ந்தாள். பாவாடையை மண்ணில் விரித்தாள், ஒருத்தி படுத்திருக்கிற மாதிரி, சட்டையை மேலே பொருத்தி வைத்தாள். கையிருக்கும் இடத்தில் வளையல், தலையிருக்கும் இடத்தில் ரிப்பன்.

"பவளம்" என்று கூப்பிட்டாள். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது. "தம்பிக்குக் கல்யாணம்டி. நீ இல்லாமத்தான் நடக்கப்போவுது. அப்பாவும் நானும் போயிட்டு வர்றோம்." அப்புறம் அவளால் பேச முடியவில்லை. வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒன்றரை மைல் தள்ளிக் கரையில் நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். நாகூரானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

பத்து ஐம்பத்தெட்டுக்குக் கடல் திரும்பியது. கரையிலிருந்து பெண்கள் கத்தினார்கள். "யக்கா, திரும்பிடுச்சு, ஏறி வா!" என்று தனபாக்கியம் ஓடிவந்துகொண்டே கூவினாள். நாகூரான் எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். சிங்காரவல்லி எழுந்தாள், ஆனால் ஓடவில்லை. தண்ணீர் வந்து பாவாடையின் ஓரத்தைத் தொட்டது, மடிப்பு நனைந்தது, பச்சைத்துணி மெல்ல எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மிதந்தது. அவள் கணுக்கால் நனைய நின்று, கடலை நேராகப் பார்த்தாள்.

"சொன்ன நேரத்துக்கு வர உனக்குத் தெரியுதுல்ல?" என்றாள். "அன்னைக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா? புள்ளய உள்ள கூப்புட்டுக் கதவச் சாத்தியிருப்பேனே."

கடல், நேரமாகிவிட்டது என்று முழங்காலுக்கு ஏறியது. சிங்காரவல்லி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, அதை முந்திக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள்.